கார்பனடைட்டு: ஒரு பாறையும் அதன் பெயரும்



மொழி மன்றத்தின் பொழிவு வரிசையில் ஒரு பாறைக்கு என்ன இடம் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நாம் மொழியியல் பயின்றோம். நிலவியல் வல்லுநர் அல்லோம். எனினும் கலைச்சொல்லாக்கம் பற்றிய ஓர் அடிப்படை வினாவுக்கு விடை காண இப்பாறையின் வரலாறு பெரிதும் உதவும் என்பதால் அதனை இன்று எடுத்துக்கொண்டோம்.

கலைச்சொல் ஆக்குவோர் பெரும்பாலும் சொல்லிலிருந்தே தொடங்குகின்றனர். ஆங்கிலச் சொல் ஒன்று வருகிறது. அதனைப் பகுதிகளாகப் பிரிக்கின்றனர். ஒவ்வொரு பகுதிக்கும் ஈடாக ஒரு தமிழ்ச் சொல்லை வைக்கின்றனர். இறுதியில் புதுச்சொல் ஒன்று கிடைத்துவிடுகிறது. இம்முறையில் சொல் குறிக்கும் பொருள் எங்கே நிற்கிறது? அதனைப் பார்க்காமலே பெயர் வைத்துவிட முடியுமா? இவ்வினாவை மனத்தில் கொண்டு, எரிமலைப் பாறைகளுள் அரிதான கார்பனடைட்டு என்பதன் சேர்க்கை, தோற்றம், கிடைக்குமிடம் ஆகியவற்றை முதலில் காண்போம். பெயருக்குப் பின்னர் வருவோம்.

1. பாறை எது?

பாறைகளை மூவகையாகப் பகுப்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. கற்குழம்பு குளிர்ந்து இறுகுவது தீப்பாறை. மணலும் சேறும் உயிரெச்சங்களும் படிந்து இறுகுவது படிவுப்பாறை. இவ்விரண்டும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறுவதால் அமைவது உருமாறிய பாறை.

தீப்பாறை என்றால் சிலிக்கா என்பது பொது விதி. நாம் அன்றாடம் காணும் கருங்கல், எரிமலைகள் கக்கும் பசால்ட்டு ஆகிய அனைத்திலும் சிலிக்காவே முதன்மைப் பொருள். பசால்ட்டில் அது ஏறத்தாழப் பாதியளவு இருக்கும். கருங்கல்லில் நூற்றுக்கு 70 பங்கையும் தாண்டும். சுண்ணாம்புக்கல்லின் முதன்மைப் பொருளாகிய கார்பனேட்டு படிவுப்பாறைக்கு உரியது என்பது அதே விதியின் மறுபக்கம். சிப்பியும் பவழமும் கடலடியில் படிந்து சுண்ணாம்புக்கல் ஆவதைப் பாடநூல்கள் படத்துடன் விளக்குகின்றன.

கார்பனடைட்டு இவ்விரு விதிகளையும் ஒருங்கே மீறுகிறது. கற்குழம்பிலிருந்து பிறந்தமையால் அது தீப்பாறை. ஆனால் அதன் கனிமங்களுள் பாதிக்கு மேற்பட்டவை கார்பனேட்டுகள். சிலிக்காவோ நூற்றுக்கு 20 பங்குக்கும் குறைவு. நிலவியலார் இன்று ஏற்றுக்கொண்டுள்ள வரையறை இதுவே. கால்சியம் மிகுந்தது, மக்னீசியம் மிகுந்தது, இரும்பு மிகுந்தது, சோடியம் மிகுந்தது என அதனுள்ளும் வகைகள் உண்டு. இறுதியில் சொன்ன சோடிய வகையே எல்லாவற்றினும் அரியது.

2. பெயர் பிறந்த இடம்

கார்பனடைட்டு என்னும் பெயரை 1921ஆம் ஆண்டு நோர்வே நாட்டு நிலவியலறிஞர் புரோகர் வழங்கினார். அந்நாட்டின் தெலமார்க் வட்டாரத்தில் ஃபேன் என்னும் சிற்றூரைச் சூழ்ந்த பாறைத்தொகுதியை ஆராய்ந்த அவர், அங்குள்ள கார்பனேட்டுப் பாறை கற்குழம்பிலிருந்து தோன்றியது என்று துணிந்து எழுதினார். ஸ்வீடனின் ஆல்னோ தீவில் உள்ள இத்தகைய பாறையைப் பற்றி ஹோக்பம் என்பார் 1895இலேயே இக்கருத்தைக் குறித்திருந்தார். ஆயினும் பெயர் சூட்டி அதனைத் தனிவகையாக நிறுத்தியவர் புரோகரே.

அவர் சூட்டிய பெயர்களை மொழியியல் நோக்கில் காண்பது பயனுடையது. ஃபேன் வட்டாரத்திலுள்ள சோவே என்னும் இடத்துப் பாறைக்குச் சோவைட்டு என்று பெயர். அருகிலுள்ள ரவ்ஹவ்கு என்னும் இடத்துப் பாறைக்கு ரவ்ஹவ்கைட்டு என்று பெயர். ஃபேன் என்னும் ஊர்ப்பெயரே ஃபேனைட்டு என்னும் பாறைப் பெயராயிற்று. இவை இடத்தால் அமைந்த பெயர்கள். கார்பனடைட்டு என்பதோ சேர்க்கையால் அமைந்த பெயர். கார்பனேட்டு என்னும் சொல்லோடு ஐட்டு என்னும் ஈறு சேர்ந்தது. அவ்வீறு கிரேக்க மொழியிலிருந்து வந்தது. ‘அதற்குரியது, அதனைச் சார்ந்தது’ என்று பொருள்படுவது. ஆட்பெயரால் அமையும் மூன்றாம் வகையும் உண்டு; அதற்குப் பின்னர்ச் சான்று காட்டுவோம். இடம், சேர்க்கை, ஆள் என்னும் இம்மூன்று வகையையும் நினைவில் இருத்துவது நலம். தமிழாக்கத்தில் இவை மூன்றும் ஒரே முறையில் நடத்தப்படத் தக்கவை அல்ல.

3. நாற்பதாண்டு ஐயம்

புரோகரின் கருத்தைப் பெரும் அறிஞர் பலர் ஏற்கவில்லை. அமெரிக்க அறிஞர் டேலி, கற்குழம்பு மேலெழும்போது வழியிலிருந்த சுண்ணாம்புக்கல்லைத் தன்னுள் ஈர்த்துக்கொண்டதால் விளையும் மாற்றங்களைக் கொண்டே இத்தகைய தொகுதிகளை விளக்க முயன்றார். பாறையியலின் தலைமக்களுள் ஒருவராகிய போவன், ஃபேன் தொகுதியைத் தாமும் ஆராய்ந்து, முன்னரே இருந்த சிலிக்காப் பாறையைப் பின்னர் வந்த கார்பனேட்டு நீர்மங்கள் சிறிது சிறிதாக மாற்றியிருக்க வேண்டும் என்று 1924இல் எழுதினார்.

அவர்கள் ஐயத்திற்குத் தக்க காரணம் இருந்தது. சுண்ணாம்புக் காளவாயை அறிந்த தமிழருக்கு அக்காரணம் எளிதில் விளங்கும். காளவாயில் சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ இட்டு எரித்தால் அது உருகுவதில்லை. கரியமில வாயுவை வெளியேற்றிவிட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிறது. அதனை நீற்றியே சுவருக்கும் வெற்றிலைக்கும் பயன்படுத்தினர் நம் முன்னோர். நம் தமிழ்ப்பள்ளிகளில் கரிவளி என்று வழங்குவது இந்த வாயுவைத்தான். அது வெளியேறாதவாறு பேரழுத்தத்தில் அடைத்துவைத்தால் தூய கால்சைட்டு உருகும். ஆனால் அதற்கு 1,300 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஃபேன் முதலிய இடங்களில் சுற்றியிருந்த பாறைகளோ அத்தகைய கடுவெப்பத்திற்கு உட்பட்ட அடையாளம் எதனையும் காட்டவில்லை. உருகாத பொருள் குழம்பாக எங்ஙனம் வந்திருக்கும் என்பதே வினா.

விடை இரு திசைகளிலிருந்து வந்தது. வைலி, டட்டில் என்னும் இருவர் ஆய்வுக்கூடத்தில் கால்சைட்டோடு நீரையும் சேர்த்து அழுத்தத்தில் வைத்துச் சூடேற்றினர். ஏறத்தாழ 650 பாகையிலேயே உருகிய குழம்பு கிடைத்தது. அம்முடிவு 1960இல் வெளிவந்தது. அதே 1960இல், அக்காலத்தில் தாங்கனிக்கா எனப்பட்ட நாட்டின் நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய டாசன் என்பார், ஓர் எரிமலையின் வாயில் கார்பனேட்டுக் குழம்பு வழிவதை நேரிற் கண்டார். அவர் எழுதிய செய்தி 1962இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளிவந்தபின் ஐயத்திற்கு இடம் இல்லாமற் போயிற்று.

ஒரு பொருளைச் சுண்ணாம்புக்கல் என்று ஒருமுறை எண்ணிவிட்டால், அவ்வெண்ணத்தை மாற்ற நாற்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

4. ஓல் டொய்ஞோ லெங்கை

டாசன் கண்ட எரிமலை இன்றைய தான்சானியாவின் வடபகுதியில், நேட்ரன் ஏரிக்குத் தெற்கே, கிழக்காப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் நிற்கிறது. அதன் உயரம் 2,900 மீட்டரை ஒட்டியது. மாசாய் மக்கள் அதனை ஓல் டொய்ஞோ லெங்கை என்பர். ‘கடவுளின் மலை’ என்பது பொருள்.

இப்பெயர் மொழி பயில்வோர்க்கு ஒரு விருந்து. மாசாய் மக்களின் மா மொழி நைல் மொழிகளுள் ஒன்று. அதில் ‘ஓல்’ என்பது ஆண்பால் முன்னொட்டு, மலை ஆண்பால். ‘எங்கை’ என்னும் கடவுட்பெயரோ பெண்பால் முன்னொட்டை உடையது. அதே சொல் வானத்தையும் மழையையும் குறிக்கும். ‘வான்’ என்னும் தமிழ்ச்சொல்லும் விசும்பையும் மழையையும் ஒருங்கே குறிப்பது. ‘வான் சிறப்பு’ என்னும் குறள் அதிகாரம் மழையைப் பற்றியது என்பதை மாணவர் அறிவர். இருமொழிகளுக்கும் உறவில்லை, மழையை நோக்கி வாழும் மக்களின் எண்ணம் ஒத்திருக்கிறது, அவ்வளவே. இப்பெயரை எழுதத் தமிழ் எழுத்து நன்கு பொருந்துகிறது. ஞகர ஒலிக்கு நம்மிடம் தனியெழுத்து உண்டு. மெல்லினத்தை அடுத்துவரும் ககரம் தானாகவே மென்மையாக ஒலிப்பதால் ‘ங்கை’ என்று எழுதினாலே மாசாய் ஒலிப்பை ஒட்டிவிடுகிறது.

இனி, அம்மலை கக்கும் குழம்பின் சேர்க்கையைக் காண்போம். அதில் சோடிய ஆக்சைடும் கரியமில வாயுவும் ஒவ்வொன்றும் நூற்றுக்கு 30 பங்கை ஒட்டி இருக்கின்றன. கால்சிய ஆக்சைடு ஏறத்தாழ 15 பங்கும், பொட்டாசிய ஆக்சைடு ஏறத்தாழ 8 பங்கும் உள்ளன. குளோரின், ஃபுளூரின், கந்தகம் முதலியன சிறிதளவு கலந்துள்ளன. சிலிக்காவோ பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எளிய சொல்லில் உரைத்தால், சலவைச் சோடாவுக்கு நெருங்கிய உறவான உப்புகள் உருகி ஓடும் எரிமலை அது.

இக்குழம்பின் இயல்புகள் வியப்பளிப்பவை. பசால்ட்டுக் குழம்பின் வெப்பம் 1,100 பாகை அளவில் இருக்கும். 1988ஆம் ஆண்டு கிராஃப்ட், கெல்லர் என்னும் இருவர் லெங்கையின் குழம்பை அளந்தபோது வெப்பம் 500 பாகையை ஒட்டியே இருந்தது. அதனால் பகலில் அது செந்தழலாகத் தோன்றுவதில்லை, கருஞ்சேறுபோல் தோன்றும். இரவில் மட்டும் மங்கிய செம்மை புலப்படும். உலகில் அறியப்பட்ட எரிமலைக் குழம்புகளுள் பாகுநிலை மிகக் குறைந்தது இதுவே. ஓடைநீர்போல விரைந்து ஓடும். இறுகியபின் காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ கருமை நீங்கி வெண்மை பெறும். தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு மலையுச்சி பனி படர்ந்ததுபோல் காட்சியளிக்கும். மழை பெய்தால் அவ்வெண்படிவு கரையத் தொடங்கும்.

இப்பாறையின் இரு முதன்மைக் கனிமங்கள் நைரேரைட்டு, கிரிகோரைட்டு எனப்படுவன. முன்னர்க் குறித்த ஆட்பெயர் வகைக்கு இவை சான்று. கிரிகோரி, பிளவுப் பள்ளத்தாக்கை ஆராய்ந்த நிலவியலறிஞர். நைரேரே, தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர். சுவாகிலியை நாட்டு மொழியாக வளர்த்தவர் அவர். சேக்சுபியரின் நாடகங்கள் இரண்டைத் தாமே சுவாகிலியில் பெயர்த்தவர். தம் நாட்டு மக்கள் தம் மொழியிலேயே கற்க வேண்டும் என்று உழைத்த ஒருவரின் பெயரை ஒரு கனிமம் தாங்கி நிற்பது மொழி மன்றத்தில் நினைக்கத் தக்கது.

5. தோற்றம்

இப்பாறை எங்ஙனம் தோன்றுகிறது? புவியின் மேலோட்டிற்குக் கீழே மூடகம் என்னும் தடித்த அடுக்கு உள்ளது. அங்குள்ள பாறையில் ஆங்காங்கே சிறிதளவு கார்பனேட்டு கலந்திருக்கும். ஏறத்தாழ 70 கிலோமீட்டருக்குக் கீழான ஆழங்களில், அப்பாறையின் மிகச் சிறு பங்கு மட்டும் உருகும்போது, முதலில் உருகுவது கார்பனேட்டு மிகுந்த பகுதியே. இது தோற்றத்திற்கு ஒரு வழி.

மற்றொரு வழி பிரிதல். கரியமில வாயுவும் சோடியமும் மிகுந்த சிலிக்காக் குழம்பு மேலெழுந்து குளிரும்போது ஒரு நிலையில் இரண்டாகப் பிரிகிறது. நீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலவாமல் நிற்பதுபோல, சிலிக்காக் குழம்பு ஒருபுறமும் கார்பனேட்டுக் குழம்பு ஒருபுறமுமாக நிற்கின்றன. லெங்கையின் குழம்பு இவ்வாறு பிரிந்ததே என்பது பெரும்பாலோர் கருத்து. அம்மலையின் உடலிற் பெரும்பகுதி சிலிக்காவை உடைய நெஃபலினைட்டு, ஃபோனோலைட்டு என்னும் பாறைகளே. கார்பனேட்டுக் குழம்பு அதன்மேல் படிந்த சிறு பங்குதான். ஆய்வுக்கூடச் சோதனைகளும் இப்பிரிவைக் காட்டியுள்ளன. குழம்பு குளிருகையில் பிற கனிமங்கள் முதலில் படிகமாகி விலக, எஞ்சிய நீர்மத்தில் கார்பனேட்டு செறிவது மூன்றாவது வழி. ஓரிடத்தில் ஒன்றும் மற்றோரிடத்தில் மற்றொன்றும் நிகழலாம்.

மூலம் மூடகமே என்பதற்கு வலுவான சான்று ஓரிடத்தான்களின் விகிதம். கார்பனடைட்டுகளில் உள்ள கார்பன், ஸ்ட்ரான்சியம் ஆகியவற்றின் ஓரிடத்தான்கள் மூடகத்திற்குரிய விகிதத்தைக் காட்டுகின்றன. கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்லின் விகிதம் வேறு. கண்ணுக்கு ஒத்திருக்கும் இரு பாறைகள் பிறப்பால் வேறுபட்டவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

6. கிடைக்குமிடம்

உலகில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் கார்பனடைட்டு அறியப்பட்டுள்ளது. இவற்றுள் பெரும்பங்கு ஆப்பிரிக்காவில் உள்ளது. பல, புவியோடு இழுபட்டுப் பிளக்கும் இடங்களை ஒட்டியவை. பெருங்கடல் தீவுகளில் மிகச் சிலவே. கேனரித் தீவுகளும் கேப் வெர்டித் தீவுகளும் எடுத்துக்காட்டு. பெரும்பாலான கார்பனடைட்டுகள் நிலத்தடியிலேயே இறுகி, மேலுள்ள பாறை அரிக்கப்பட்டபின் வெளிப்பட்டவை. எரிமலை வழியே மேற்பரப்பை அடைந்தவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. லெங்கைக்கு அண்டையிலுள்ள கெரிமாசி, உகாண்டாவின் ஃபோர்ட் போர்ட்டல், செருமனியின் கைசர்ச்தூல் ஆகியவை அத்தகையன. அவற்றின் குழம்பு கால்சிய வகையைச் சார்ந்தது. சோடிய வகையை இன்று கக்கும் எரிமலை லெங்கை ஒன்றே. இவ்வகைப் பாறை நீரிற் கரைவதால் பழங்காலத்தில் வேறெங்கு எழுந்திருந்தாலும் அதன் முதல் வடிவம் நிலைத்திருக்க வாய்ப்பில்லை.

தமிழகத்திலும் கார்பனடைட்டு உண்டு. திருப்பத்தூரை அடுத்த சேவத்தூரில் உள்ளது ஏறத்தாழ 80 கோடி ஆண்டுப் பழமை உடையது. ஒகேனக்கல் வட்டாரத்தில் உள்ளதோ ஏறத்தாழ 240 கோடி ஆண்டுப் பழமை உடையது. ஒகேனக்கல் என்னும் பெயர் கன்னட ‘ஹொகெ’, ‘கல்’ என்பவற்றால் ஆனது. தமிழின் ‘புகை’யும் கன்னடத்தின் ‘ஹொகெ’யும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள், தமிழின் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’ ஆவதுபோல மொழிமுதற் பகரம் அங்கே ஹகரம் ஆகிறது. புகைக்கல் என்னும் அப்பெயர் அருவியின் நீர்த்துளிப் படலத்தைக் கண்டு எழுந்தது. அவ்வட்டாரப் பாறை ஒருகாலத்தில் கனன்ற குழம்பாக இருந்ததை அறிந்து எழுந்ததன்று. கண்ட தோற்றத்திற்கு வைக்கும் பெயர் ஊருக்குப் போதும், அறிவியலுக்குப் போதாது.

மலேசியராகிய நமக்கு இப்பாறை தொலைவான ஒன்றன்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் மவுண்ட் வெல்டு என்னும் இடத்தில் ஏறத்தாழ 200 கோடி ஆண்டுப் பழமையான கார்பனடைட்டு ஒன்று நிலத்தடியில் உள்ளது. அதன் சிதைந்த மேற்பகுதியில் அருமண் தனிமங்கள் செறிந்துள்ளன. அங்குத் தோண்டி எடுக்கப்படும் தாது 2012 முதல் பகாங் மாநிலத்தின் குவாந்தானை அடுத்த கெபெங்கில் பதப்படுத்தப்பட்டு வருகிறது. மின்னூர்திகளிலும் காற்றாலைகளிலும் உள்ள வலிய காந்தங்களுக்கு வேண்டிய நியோடிமியம் இத்தகைய தாதுக்களிலிருந்தே கிடைக்கிறது. தாதுவோடு வரும் தோரியம் கழிவில் எஞ்சுவதால், அக்கழிவை எங்கே, எப்படி வைப்பது என்பது நாடு முழுவதும் பேசப்பட்ட பொருள். அப்பேச்சில் தமிழ் மட்டும் அறிந்த ஒரு குடிமகன் பங்குகொள்ள வேண்டுமாயின் அவனுக்குத் தாது, தனிமம், கழிவு, கதிரியக்கம் என்னும் சொற்கள் தெளிந்த பொருளோடு வேண்டும். கலைச்சொல் என்பது புலவர்தம் பொழுதுபோக்கு அன்று. அது குடிமகனின் கருவி.

அருமண் என்னும் சொல்லையே பாருங்கள். அத்தனிமங்கள் அரியவை அல்ல. அவற்றுள் ஒன்றாகிய சீரியம் புவியோட்டில் ஈயத்தைவிட மிகுதி. அவை மண்ணும் அல்ல. ஆக்சைடுகளை ‘மண்’ என்று ஐரோப்பியர் அழைத்த பழங்காலத்தின் எச்சம் அப்பெயர். அவர்தம் பிழையை நாம் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொண்டோம். இன்று அது வழக்கில் ஊன்றிவிட்டது, மாற்றச் சொல்லோம். ஆயினும் ஆசிரியர் அதனைக் கற்பிக்கும்போது இவ்விளக்கத்தையும் சேர்த்துக் கூறுவது கடமை.

7. தமிழில் என்ன பெயர்?

இப்போது பெயருக்கு வருவோம். சேர்க்கையும் தோற்றமும் தெரிந்த பின்னர், வழங்கத்தக்க பெயர்களை ஒவ்வொன்றாக எடைபோடலாம்.

கரிமப்பாறை எனலாமா? கரிமம் என்பது கார்பனுக்குரிய சொல். இப்பெயரைக் கேட்கும் மாணவன் நிலக்கரியையோ பென்சில் கரியையோ நினைப்பான். கார்பனேட்டு என்னும் சேர்மம் அவன் நினைவுக்கு வாராது.

எரிமலைச் சுண்ணாம்புக்கல் எனலாமா? கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் சுண்ணாம்புக்கல் படிவுப்பாறையின் பெயர். அறிஞர் உலகம் நாற்பதாண்டு முயன்று நீக்கிய மயக்கத்தை நாம் ஒரே சொல்லால் மீட்டுக் கொணர்ந்துவிடுவோம். மேலும் பெரும்பாலான கார்பனடைட்டுகள் எரிமலை வழியே வெளிவந்தவை அல்ல.

சுண்ணாம்புத் தீப்பாறை எனலாமா? தீப்பாறை என்பது பொருந்தும். சுண்ணாம்பு என்பது கால்சிய வகைக்கு மட்டும் பொருந்தும். லெங்கையின் சோடியக் குழம்பு இப்பெயருக்குள் அடங்காது. வகையின் பெயரைத் தொகைக்கு இடுவது குற்றம்.

கார்பனேட்டுத் தீப்பாறை என்பதே நமக்குத் தக்கதாகத் தோன்றுகிறது. முதற்சொல் சேர்க்கையைக் கூறுகிறது. இரண்டாம் சொல் தோற்றத்தைக் கூறுகிறது. நான்கு வகைகளும் அதனுள் அடங்குகின்றன. கார்பனேட்டு தமிழ்ச்சொல் அன்றே என்பீர்கள். வேதியியல் வகுப்பில் மாணவன் முன்னரே கற்ற சொல் அது. சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகையாகப் பகுத்த தொல்காப்பியம், வெளியிலிருந்து வரும் சொல்லுக்கும் இடம் வகுத்தே வைத்தது. வருவது தமிழின் ஒலியமைப்புக்கு இசைய வேண்டும் என்பதே அது கொண்ட நெறி.

அந்நெறியை எழுத்திலும் கைக்கொள்வோம். கார்பனடைட் என்று வல்லின மெய்யில் முடித்தால் தமிழ் நாவுக்கும் இலக்கணத்துக்கும் ஒவ்வாது. கார்பனடைட்டு என்று குற்றியலுகரத்தில் முடித்தால் கார்பனடைட்டை, கார்பனடைட்டில், கார்பனடைட்டுப் பாறை என வேற்றுமையும் சந்தியும் இயல்பாக அமைகின்றன. உலகப் பெயராகக் கார்பனடைட்டும், விளக்கப் பெயராகக் கார்பனேட்டுத் தீப்பாறையும் பாடநூலில் அருகருகே நிற்கலாம்.

முன்னர்க் கூறிய மூவகைப் பெயர்களுக்கும் இதிலிருந்து ஒரு நெறி கிடைக்கிறது. சேர்க்கையால் அமைந்த பெயரைப் பொருளறிந்து தமிழாக்கலாம். இடத்தால் அமைந்த சோவைட்டையும், ஆளால் அமைந்த நைரேரைட்டையும் ஒலிபெயர்ப்பதே முறை. ஓர் ஊரின் நினைவையும் ஒரு தலைவரின் நினைவையும் தாங்கிய பெயர்களை மொழிபெயர்ப்பது அந்நினைவை அழிப்பதாகும்.

8. ஆசிரியர்க்கு

ஆசிரியப் பெருமக்களே, ஒரு கலைச்சொல்லை வகுப்பில் அறிமுகம் செய்யும்போது மூன்று வினாக்களை மாணவரிடம் எழுப்புமாறு வேண்டுகிறோம். இப்பொருள் எதனால் ஆனது? எங்ஙனம் தோன்றிற்று? எங்கே கிடைக்கிறது? விடைகளை மாணவர் தம் சொந்தத் தமிழில் கூறட்டும். அதன்பின் பெயரைக் கரும்பலகையில் எழுதுங்கள். பெயர் பொருளோடு ஒட்டுகிறதா, எங்கே ஒட்டவில்லை என்று அவர்களையே ஆராயச் செய்யுங்கள். அருமண் போன்ற பெயரில் பிழையைத் தாமே கண்டுபிடிக்கும் மாணவன் அத்தனிமங்களை மறக்கமாட்டான்.

மாணவச் செல்வங்களே, அறிவியலைத் தமிழில் கற்க முடியுமா என்று இந்நாட்டில் பலமுறை வினவப்பட்டுள்ளது, இனியும் வினவப்படும். சொற்பட்டியலைக் காட்டி அதற்கு விடை கூற இயலாது. கருங்குழம்பு வெண்பாறையாவது ஏன் என்று உங்களுள் ஒருவர் எழுந்து பிழையற்ற தமிழில் விளக்கினால், அதுவே போதிய விடை.